ஆட்டைக் கொஞ்சம் மேயவிடும்

செய்துங்கநல்லூர்,
வைகாசி, சனிக்கிழமை ராத்திரி.

பிரியமுள்ள சேக்காளிக்கு,

கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தீர், சந்தோஷம். இங்கே ஆறு இளைத்துப்போய் ஓரமாக ஓடுகிறது. வெயிலைப் பற்றி எழுதினால் காகிதம் தீய்ந்துவிடும், விடும்.

பேத்தி பிளஸ் டூவில் அவ்வளவு மார்க் வாங்கிவிட்டு ‘லிபரல் ஆர்ட்ஸ்’ படிக்கப் போகிறேன் என்கிறாளாம். “அது என்ன எழவு படிப்பு வே?” என்று என்னிடம் கேட்கிறீர். நம்ம ஊரில் ஆர்ட்ஸ் குரூப் என்றாலே மார்க் குறைந்தவன் ஒதுங்குகிற இடம் என்ற நினைப்பு. உமக்கு வயிறு கலங்குவதில் ஆச்சரியம் இல்லை.

லத்தீனில் ‘லிபர்’ என்றால் சுதந்திரமானவன். அடிமைக்குத் தொழில் பழக்கினால் போதும், ஊர்க் காரியம் பேசி முடிவெடுக்கிறவனுக்கு வேறு படிப்பு வேண்டும் என்று பழைய கிரேக்கரும் ரோமரும் நினைத்தார்கள். பிற்பாடு ஐரோப்பாவில் அதை ஏழாக வகுத்தார்கள். இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை மூன்றும் முதலில். கணக்கு, வடிவியல், இசை, வானியல் நான்கும் அடுத்து. கணக்கும் வானியலும் ஆர்ட்ஸில் இருந்தன என்பதை உம்ம சம்பந்தியிடம் சொல்லும்.

நான் திண்ணையில் பதினைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்வதும் ஏறக்குறைய இதுதான், பேர்தான் வைக்கவில்லை. எல்லாம் ஏழாவது, எட்டாவது படிக்கிறதுகள். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

சாக்பீஸால் தரையில் ஒரு சதுரம் போட்டு, “இதைப்போல ரெண்டு மடங்கு பரப்புள்ள சதுரம் போடுங்கலே” என்றேன். ஒருத்தன் பாய்ந்து வந்து பக்கத்தை இரட்டித்தான். எண்ணிப் பார்த்தால் நாலு மடங்கு. அடுத்தவன் யோசித்து ஒன்றரையாக்கினான். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டேகால். அவனும் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தான். பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில் சாக்ரடீஸ் இதே கணக்கை ஓர் அடிமைப் பையனிடம் கேட்கிறார். அந்தப் பையனும் இதே இரண்டு தப்பையும் இதே வரிசையில்தான் செய்கிறான். சுதந்திரமானவனுக்கு உரிய படிப்பு என்றார்களே, அது அடிமைக்கும் வரும் என்று அவர்கள் புத்தகமே சாட்சி சொல்கிறது, பாரும்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வாயைத் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளை எழுந்து வந்தாள். சாக்பீஸை வாங்கி மூன்று வரிசையில் மும்மூன்றாக நேர்ப்புள்ளி வைத்தாள். நாலு ஓரத்திலும் நடுவில் இருக்கிற புள்ளிகளைச் சாய்வாக இழுத்துச் சேர்த்தாள். “நாலு கட்டத்துலயும் பாதி பாதி உள்ள வருது சார். அப்ப ரெண்டு கட்டம்லா?” என்றாள். தினமும் வாசலில் கோலம் போடுகிற கை! சாக்ரடீஸ் அந்த மூலைக்கோட்டைத் தானே காட்டிக்கொடுத்தார். நம்ம பிள்ளைக்கு அது தேவைப்படவில்லை.

அதற்காக மனப்பாடமே கூடாது என்று சொல்கிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர். வாய்ப்பாடும் வெண்பாவும் வாயில் ஊறாத பிள்ளைக்கு யோசிக்கச் சரக்கு எங்கிருந்து வரும்? எனக்கு மனத்தாங்கல் நன்னூலாரோடுதான். மாணாக்கரில் அன்னத்தையும் பசுவையும் தலையில் வைத்தார், சரி. ஓட்டைக் குடம், எருமை, பன்னாடை இவற்றோடு ஆட்டையும் கடைசியில் தள்ளிவிட்டார். ஒரு செடியில் நிலைக்காமல் இங்கே ஒரு கடி, அங்கே ஒரு கடி என்று மேய்கிறதாம். பன்னிரண்டு வயசில் ஆடாக இல்லாமல் வேறு எப்படி இருக்க முடியும் வே? எந்தத் தழை தனக்குப் பிடிக்கும் என்று கடித்துப் பார்க்காமல் எப்படித் தெரியும்? உம்ம பேத்தி இன்னும் ரெண்டு மூணு வருஷம் பல பாடங்களிலும் மேய்வேன் என்கிறாள். எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை.

குறை சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. ஒரு பையனின் அப்பா வந்து, “இதெல்லாம் பரீட்சையில வருமா சார்?” என்று கேட்டார். வராது என்றேன். மறுநாளிலிருந்து பையன் வரவில்லை. எட்டாம் வகுப்பிலேயே நீட் கோச்சிங்காம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொத்தனார் வேலை செய்து ஒற்றைப் பிள்ளையைப் படிக்கவைக்கிறவர். ஆனால் பக்கத்தை முதலில் இரட்டித்தது அவன்தான். தைரியமாகத் தப்புச் செய்கிற பிள்ளை போனது எனக்கு நஷ்டம்.

இப்போது பட்டிமன்றம் நடக்கிறது. வாத்தியார் எழுதிக்கொடுத்ததைக் கையை ஆட்டி ஒப்பிக்கிற சங்கதி அல்ல. பாதியில் மணி அடித்தால் அணி மாறி எதிர்க்கட்சிக்காகப் பேச வேண்டும். முதல் நாள் ஒருத்தி அழுதே விட்டாள். இப்போது அவளை நிறுத்த முடியவில்லை.

பட்டிமன்றத் தலைப்புக்கு நாங்கள் அலையவில்லை. பஸ்ஸில் ஏறி, அந்தக் காலத்து மனுஷர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடமான ஆதிச்சநல்லூர் போனோம். 1876இல் ஜெர்மனிக்காரர் ஜாகோர் அங்கே தோண்டி, கிடைத்த சாமான்களை பெர்லினுக்குக் கொண்டுபோனார் என்றேன். 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ தோண்டி எடுத்தவை சென்னை மியூசியத்துக்குப் போயின, தங்கப் பட்டங்கள்கூட உண்டு என்றும் சொன்னேன். ஒரு வாண்டு கேட்டான்: “செத்தவங்க வீட்டுச் சாமானை யாருட்ட கேட்டு எடுத்தாங்க?” இன்னொருத்தன், “சென்னைக்கு எடுத்துட்டுப் போனா மட்டும் சரியா?” என்றான். திரும்பி வருகிற வரைக்கும் பஸ்ஸில் அதே சண்டை. கண்டக்டரும் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டார்.

பெர்லினில் இருப்பவை திரும்ப வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் அடுத்த பட்டிமன்றம். ஒரு சிக்கல். பதினாலு பிள்ளைகளும் திரும்ப வேண்டும் என்கிற பக்கம். ‘அங்கேயே இருக்கட்டும்’ என்று பேச ஒரு ஆள் கிடைக்கவில்லை. நான் பேசினால் சிரிக்கிறார்கள். ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் குற்றாலத்துக்கு வருவீர்தானே? ரெண்டு நாள் முன்னதாகப் பேத்தியோடு இங்கே இறங்கும். அந்தப் பக்கத்துக்கு அவளை நிறுத்துவதாகப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

வீட்டில் விசாரித்ததாகச் சொல்லும்.

இப்படிக்கு,
உம்ம பழைய பெஞ்சுக்காரன்