கோணலாக மாட்டிய கடிகாரம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இந்தத் தடவை தாமதத்துக்குச் சோம்பல் காரணமில்லை. பாட்டி வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். விற்பதா, வாடகைக்கு விடுவதா என்று பெரியவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. சாமான்களை எடுத்தாக வேண்டும் என்பது மட்டும் முடிவாகிவிட்டது.

பாட்டியைப் பற்றி நீ எழுதியிருந்த நாலு வரியே எனக்குப் போதும். இங்கே எல்லோரும் "நிறைஞ்ச வயசு, படுக்கையில கிடக்காம போயிட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி, வருத்தப்படுவதே அதிகப்படி என்பது போல ஆகிவிட்டது. நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது அலமாரியைத் திறந்தபோதுதான்.

வெறும் அந்துருண்டை வாசனைதான். அத்தை, தம்பி, நான், மூன்று பேரும் பேச்சில்லாமல் நின்றுவிட்டோம். பார்ப்பதும் கேட்பதும் மூளைக்குள் தாலமஸ் என்கிற வாசலில் நின்று பதிந்துவிட்டுத்தான் மேலே போகும். வாசனைக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது, நினைவும் உணர்ச்சியும் குடியிருக்கும் பகுதிக்கு நேரே போய்விடும் என்று எப்போதோ படித்திருக்கிறேன். படித்தது எதற்கும் உதவவில்லை. உருண்டைகள் மிளகளவுக்குச் சிறுத்துக் கிடந்தன. உருகாமல், கட்டியாக இருந்தபடியே ஆவியாகிப் போகிற சாதி அது. அடுத்த உருண்டை போட ஆள் இல்லை.

ஒரு தப்பும் நடந்தது. அத்தை நல்ல மனதோடு எல்லாத் துணியையும் அன்றைக்கே துவைத்து உலர்த்திவிட்டார். சாயங்காலம் மடிக்கும்போது அவருக்கே புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் ஒரு சால்வையை எடுத்து முகர்ந்து பார்த்தார், அப்புறம் கீழே வைத்தார். உங்கள் தாத்தா வீட்டில் இனிமேல்தான் வேலை ஆரம்பம் என்று எழுதியிருந்தாய் அல்லவா? ஒரே ஒரு துணியையாவது துவைக்காமல் எடுத்து வை.

காகிதங்களைப் பிரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பாட்டி எதையும் தூக்கிப் போட்டதில்லை. ரசீதுகளை வருஷவாரியாகக் கிளிப் போட்டு வைத்திருந்தார். ஆனால் கடைசிப் பத்து வருஷக் கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். சூடு பட்டால் கறுக்கிற பூச்சு பூசிய தாள்கள் அவை. அச்சடிக்க மையே கிடையாது, நாளானால் எழுத்து தானாக மங்கிவிடும். ஒன்றுமில்லாத தாள்களை அவ்வளவு பத்திரமாக அடுக்கி வைத்திருக்கிறார் பாவம். அதே பெட்டியில் நாற்பது வருஷத்துக்கு முன்னால் தாத்தா பென்சிலால் எழுதிய கணக்குச் சீட்டு ஒன்று, நேற்று எழுதியது போல. பென்சில் எழுத்து வெறும் கரிதானே, வெளிச்சம் அதை ஒன்றும் செய்யாது. ரப்பருக்கு மட்டும்தான் பயப்பட வேண்டும்.

சரி, பென்சில் என்றதும் கடிகாரத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கூடத்தில் மாட்டியிருந்த பெண்டுலக் கடிகாரம் உனக்கு நினைவிருக்கும். லீவில் வந்தபோது அது கோணலாக இருக்கிறதே என்று நாற்காலி போட்டு ஏறி நேராக்கி, தாத்தாவிடம் திட்டு வாங்கியவன் நீ. வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும், மணிக்கொரு தரம் சத்தம் போடும் என்பதால் பங்கு கேட்டு யாரும் வரவில்லை. நான் எடுத்து வந்தேன்.

ரசமட்டம் வைத்து ஒரு நூல் பிசகாமல் மாட்டினேன். பத்து நிமிஷம் ஓடும், நிற்கும். ஆட்டிவிட்டால் மறுபடி பத்து நிமிஷம். இரண்டு நாள் பார்த்துவிட்டு ரிப்பேர்காரரை அழைத்து வந்தேன். வந்தவர் கையே வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நொண்டுதுங்க" என்றார். டிக்குக்கும் டாக்குக்கும் நடுவே இடைவெளி சமமாக இருக்க வேண்டுமாம். இதுவோ டிக்-டாக் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்து, மறுபடி டிக்-டாக் என்றது. பெட்டியின் அடிப்பக்கத்தைப் பிடித்து மெல்ல இடது பக்கம் தள்ளிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் சீரானது. பார்த்தால் பழைய கோணல், அதே அளவு!

உள்ளே பெண்டுலத்தை அசைத்துக் கொடுக்கிற கவைக்கம்பி எந்தக் காலத்திலோ வளைந்திருக்கிறது. தாத்தா அதை நிமிர்த்தவில்லை, கடிகாரத்தையே சாய்த்து மாட்டிவிட்டார். பழைய வீட்டுச் சுவரில் பெட்டிக்குக் கீழே சாய்வாக ஒரு பென்சில் கோடு இருந்தது எதற்கு என்று இப்போதுதான் தெரிந்தது. "கம்பியை வளைச்சு விட்டா நேராவே மாட்டிக்கலாம், செய்யட்டுமா?" என்று ரிப்பேர்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். பென்சில் கொண்டு வந்து என் சுவரிலும் அதே போல ஒரு கோடு போட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அவர் போன பிறகு தூசி துடைக்கலாம் என்று முன்கதவைத் திறந்தால், கதவின் உட்புறம் முழுக்கப் பென்சில். தேதி, பக்கத்தில் "கால் சுற்று மேலே", அடுத்த தேதி, "அரைச் சுற்று கீழே". பெண்டுலக் குண்டுக்கு அடியில் இருக்கும் திருகைத் திருப்பிய கணக்கு அது. குண்டை மேலே ஏற்றினால் கடிகாரம் வேகமாக ஓடும், இறக்கினால் மெதுவாகும். வெயில் காலத்தில் கம்பி நீண்டு கடிகாரம் தானாகவே பின்தங்கும். ஒரு மீட்டர் எஃகுக் கம்பி பத்து டிகிரி சூட்டுக்கு நீளுவது மயிரிழை அளவுதான், ஆனாலும் அதற்கே நாளொன்றுக்கு ஐந்து விநாடி போய்விடும். 1656இல் ஹைகன்ஸ் என்கிற டச்சு விஞ்ஞானி பெண்டுலத்தைக் கடிகாரத்தில் பூட்டியதிலிருந்து இருக்கிற தொல்லை. தாத்தா வருஷா வருஷம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

பொடியான, நிமிர்ந்த அவர் எழுத்து 2011இல் முடிகிறது. அவர் காலமான வருஷம். நாலு மாதம் ஒன்றுமில்லை. அதற்குக் கீழே பெரிய, வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில் ஒரு தேதி. "கால் சுற்று மேலே."

பாட்டியுடைய எழுத்து. "இந்தச் சனியன் சத்தத்துல மனுஷி தூங்க முடியுதா" என்று ஐம்பது வருஷம் புலம்பிய அதே பாட்டி! கதவின் கீழ் ஓரம் வரைக்கும் எழுதியிருக்கிறார். கடைசி மூன்று நாலு வருஷம் சுற்றுக் கணக்கு இல்லை, தேதி மட்டும். திருகுக்குக் கை எட்டவில்லையோ, விரல் ஒத்துழைக்கவில்லையோ. எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அத்தை சாவி கொடுப்பதாக நான் நினைத்திருந்தேன், நான் ஏற்பாடு செய்திருப்பதாக அத்தை நினைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தால் மட்டும் "இரு, கைவேலையா இருக்கேன், அப்புறம் பேசு" என்று வைத்துவிடுவார். ஓய்வான நாளில் அப்படி என்ன கைவேலை என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

உங்கள் தாத்தாவின் நாற்காலியை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய், அதற்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உன் தங்கை கேட்டால் கொடுத்துவிடு. ஆனால் மெருகு போட அனுப்பாமல் வைத்திருக்கச் சொல். கைப்பிடியில் தாத்தாவின் உள்ளங்கை தேய்த்து வழுவழுப்பாக்கிய இடம் இருக்கும், மெருகு போடுகிறவர் உப்புத்தாளைத் தேய்த்தால் முதலில் போவது அதுதான். பழைய போட்டோக்களையும் அந்தப் பசைப்பக்க ஆல்பத்திலிருந்து சீக்கிரம் எடுத்துவிடு, பசை படத்தைத் தின்றுவிடும். பின்பக்கம் பெயர் எழுதி வை. ஏன் சொல்கிறேன் என்று உனக்கே இப்போது தெரிந்திருக்கும்.

முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற முடிகிறது என்றால் அடுத்த மாதம் இங்கே வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போ. கூடத்திலேயே படுக்கை போடுகிறேன், மணிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள். கடிகாரத்தைப் பார்த்ததும் உன் கை பரபரக்கும். தயவுசெய்து நேராக்கிவிடாதே.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்