தீர்ப்பு வந்த ஆண்டு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டத் துறையில் நுழைந்த முதல் பெண்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டத்தை வெட்டி வைத்திருக்கிறேன். பெயர், நாடு, ஆண்டு என்று மூன்றே பத்திகள். இந்தியா என்ற இடத்தில் கொர்னீலியா சொராப்ஜி, 1921. இத்தாலிக்கு லிடியா போயெட், 1920. தகவலில் பிழையில்லை. ஆனால் 29 ஆண்டுகள் சிவில் வழக்குகளை நடத்திப் பழகிய எனக்கு அதில் பாதி விடுபட்டுப்போனதாகவே படுகிறது.

நீதிமன்றத்தில் ஒரு வழக்கின் எண்ணோடு ஒட்டிக்கொண்டிருப்பது அது தாக்கலான ஆண்டு. 1984இல் தாக்கலான வழக்கில் 2003இல் தீர்ப்பு வந்தாலும், குமாஸ்தா முதல் நீதிபதி வரை அதை 84ஆம் வருட வழக்கு என்றுதான் சொல்வார்கள். கட்டைப் பிரிக்காமலே அதன் வயது தெரிந்துவிடும். உங்கள் கட்டத்தில் இருப்பதெல்லாம் தீர்ப்பு வந்த ஆண்டு. அந்தப் பெண்கள் மனுவோடு போய் நின்ற ஆண்டு எங்கே?

போயெட் 1881இல் தூரினில் சட்டப் பட்டம் பெற்றார். இரண்டு ஆண்டுகள் தொழில் பயின்று, தேர்விலும் வென்று, 1883 ஆகஸ்டில் வழக்கறிஞராகப் பதிவும் ஆகிவிட்டார். அதே நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பதிவை ரத்து செய்தது. நாகரிக உடைகளின் மேல் அங்கி போட்டால் நன்றாக இருக்காது என்பதுகூட அந்தத் தீர்ப்பில் ஒரு காரணம். அதன் பிறகு தம் சகோதரரின் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே முப்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். உங்கள் கட்டத்தில் உள்ள 1920இல் அவருக்கு வயது அறுபத்தைந்தை ஒட்டி.

சொராப்ஜியின் கதைதான் என்னை அதிகம் வருத்துகிறது. 1892இல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதிய முதல் பெண் அவர். ஆண்களோடு அமர்ந்து எழுதவே தனி அனுமதி தேவைப்பட்டது. பட்டத்தை அந்தப் பல்கலைக்கழகம் கையில் கொடுத்தது 1922இல். இடையில் பம்பாயில் சட்டப் பட்டம், 1899இல் அலகாபாத்தில் வக்கீல் தேர்வு என்று கேட்ட தேர்வையெல்லாம் எழுதித் தேறினார். பதிவு மட்டும் கிடைக்கவில்லை. ஆண் வக்கீல் முன்னால் வர இயலாத அந்தப்புரப் பெண்களின் சொத்துகளைக் காக்க, 1904 முதல் அரசின் சிறார் சொத்து நிர்வாகத்தில் ஆலோசகராகப் பணியாற்றினார். சட்டம் தெரிந்தவர், கட்சிக்காரர்கள் இருந்தார்கள், வேலையும் நடந்தது. வழக்கறிஞர் என்ற பெயர் மட்டும் இல்லை. 1921இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரைப் பதிவு செய்தபோது வயது 54. வாதாடுவதற்கு உகந்த வயதெல்லாம் கழிந்திருந்தது. '1921' என்று மட்டும் படிக்கும் ஒரு மாணவிக்கு, அந்த ஆண்டுதான் ஒரு பெண்ணுக்கு வக்கீலாகும் எண்ணமே வந்தது என்று தோன்றாதா?

அமெரிக்காவின் மைரா பிராட்வெல் உங்கள் கட்டத்தில் இல்லை. அவரையும் சேர்க்க வேண்டும். 1869இல் இல்லினாய் மாநிலத்தில் தேர்வில் வென்றார். திருமணமான பெண் சொந்தமாக ஒப்பந்தம் செய்ய முடியாது என்று முதலில் மறுத்தார்கள்; பெண் என்பதே போதிய காரணம் என்று பிறகு மறுத்தார்கள். 1873இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. மாறுபட்டவர் தலைமை நீதிபதி சேஸ் ஒருவரே. பிராட்வெல் மறுபடி விண்ணப்பிக்கவில்லை. 1890இல் இல்லினாய் நீதிமன்றம் தானாகவே முன்வந்து, அவருடைய பழைய 1869ஆம் ஆண்டு விண்ணப்பத்தையே ஏற்று உரிமம் வழங்கியது. நான்கு ஆண்டுகளில் அவர் காலமானார்.

நான் விண்ணப்பம் கொடுத்த ஆண்டிலேயே கறுப்பு அங்கி அணிந்தேன். எனக்கு அந்த இரண்டு ஆண்டுகளும் ஒன்றுதான். இவர்களுக்கு அப்படி இல்லை என்பது என் ஜூனியர்கள் பலருக்கே தெரியவில்லை.

அடுத்த முறை இந்தக் கட்டத்தை வெளியிடும்போது இன்னொரு பத்தி சேர்த்து, பதிவான ஆண்டுக்கு முன்னால் கேட்ட ஆண்டையும் அச்சிடுங்கள். போயெட் 1883, சொராப்ஜி 1899, பிராட்வெல் 1869.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர், உங்கள் நெடுநாள் வாசகி