காட்டோரத்து மக்களுக்கும் பங்கு குடுங்க: வனத்துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

காட்டுயிர் பாதுகாப்புக்குப் பொறுப்பா இருக்குற அமைச்சர்களுக்கும் வனத்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

யானை இறங்குனா ஒரே ராத்திரில வயல் காலி. நஷ்டஈட்டுக்கு ஃபார்ம் எழுதிக் குடுத்துட்டு அந்தக் குடும்பம் ஆபீஸ் ஆபீஸா அலையுது, அதே யானைய பாக்க வர்ற டூரிஸ்ட் காசு மட்டும் ரிசார்ட்டுக்கும் கருவூலத்துக்கும் போயிடுது, அப்புறம் ஊர்க்காரங்க ஒத்துழைக்கறதில்லன்னு ரிப்போர்ட் எழுதறீங்க, இது எந்த ஊரு நியாயம்?

பிரேசில்ல அமேசான் பக்கம் மமிராவுவான்னு ஒரு காப்பகம் இருக்கு. அங்க அரபைமான்னு ஒரு மீன், 3 மீட்டர் வரைக்கும் வளரும், அளவில்லாம பிடிச்சுப் பிடிச்சு ரொம்பக் குறைஞ்சு போச்சு. 1999ல மீனவர்களையே கூப்ட்டு பொறுப்ப குடுத்தாங்க. அந்த மீன் மூச்சு விட அடிக்கடி தண்ணிக்கு மேல வந்தே ஆகணும், மீனவர்கள் ஏரிய பிரிச்சுக்கிட்டு படகுல அசையாம உக்காந்து, மேல வர்றப்ப கேக்குற சத்தத்தையும் முதுகையும் வெச்சே பெருசு எது குஞ்சு எதுன்னு பிரிச்சு எண்ணிடுவாங்க. விஞ்ஞானிங்க மீனுக்கு அடையாளம் போட்டு சரிபாத்தப்ப அந்தக் கணக்கு நல்லாவே ஒத்துப்போச்சு! எண்ணுன பெரிய மீன்ல 30 சதவீதத்துக்கு மேல பிடிக்க அனுமதி கிடையாது, மீதி ஏரியிலயே இருக்கணும். மீனும் பெருகுச்சு, வருமானமும் வந்துச்சு. திருட்டுத்தனமா வலை போட வர்றவங்கள ராத்திரி முழுக்க காவல் இருந்து விரட்டுறதும் அவங்கதான், ஏன்னா அது அவங்க ஏரி.

நமீபியாலயும் 1996 சட்டத் திருத்தத்துல இருந்து கிராமங்களே சேர்ந்து தங்களோட நிலத்து விலங்குகள நிர்வகிக்கலாம், சுற்றுலாவுல வர்ற வருமானம் அவங்களுக்கே போகுது. பெருவுல விக்குனான்னு ஒட்டக இனத்து விலங்கு ஒண்ணு இருக்கு, அத ஊர்க்காரங்களே கொல்லாம, சுத்தி வளைச்சு பிடிச்சு ரோமத்த மட்டும் கத்தரிச்சிட்டு திரும்ப விட்டுடறாங்க. காட்டு விலங்க வேட்டையாட அனுமதி குடுத்து அதுல வர்ற காசு பத்தி நிறைய சண்டை இருக்கு, எனக்கும் அதுல தயக்கம் உண்டு, ஆனா விக்குனாவுக்கும் அரபைமாவுக்கும் அந்தச் சண்டையே தேவைப்படல.

அதனால கேக்கறது இதுதான். கூட்டத்துக்கு கூப்ட்டு கையெழுத்து வாங்கறத விட்டுட்டு, கணக்கெடுப்புல இருந்தே ஊர்க்காரங்கள சேருங்க. அடுத்த மேலாண்மை திட்டத்துல நுழைவுக் கட்டணத்துல ஊருக்கு எத்தன சதவீதம், எந்த மாசம் வரும், நஷ்டஈடு எத்தன நாளுக்குள்ள கைக்கு வரும், தவறுனா யார் பதில் சொல்லணும்னு எழுத்துல போடுங்க, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அத கிராம சபைல வெச்சு படிச்சுக் காட்டுங்க.