அம்முவுக்கு

அம்மு,

போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். சித்தி வீட்டு விசேஷம் நல்லபடியாக முடிந்தது. நீ ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சித்தி கேட்டாள், வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

நீ விட்டுப்போன, அந்த யூத ஓவியப் பெண் சார்லட் சாலமனின் படப் புத்தகத்தை இப்போது தினமும் எடுத்துப் பார்க்கிறேன். ஹிட்லரின் நாஜிகளுக்குப் பயந்து பெர்லினிலிருந்து தப்பி வந்து, தெற்கு பிரான்ஸில் உட்கார்ந்து, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று வண்ணங்களையே கலந்து கலந்து 'வாழ்க்கையா? நாடகமா?' என்று 769 படங்கள். சில படங்களுக்கு மேலே ட்ரேசிங் பேப்பரில் வசனம் வேறு. எல்லாவற்றையும் உள்ளூர் டாக்டரிடம் கொடுத்து, என் வாழ்க்கை முழுக்க இதில்தான் இருக்கிறது, பத்திரம் என்றாளாமே. 1943இல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் நாஜிகள் அவளைக் கொன்றுவிட்டார்கள். வயது 26, வயிற்றில் பிள்ளை.

எனக்கு அவளுடைய அப்பா நினைப்பாகவே இருக்கிறது. அவரும், அவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட அந்தப் பாடகி சின்னம்மாவும் ஹாலந்தில் ஒளிந்திருந்து பிழைத்தவர்கள். 1947இல்தான் படங்கள் அவர்கள் கைக்கு வந்தன. ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்க்கப் பார்க்க, மகள் மனதுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறதே என்று தோன்றியிருக்கும் இல்லையா? பெற்ற தாய் தற்கொலை செய்துகொண்டதை ஃப்ளூ காய்ச்சல் என்று சொல்லித்தானே அவளை வளர்த்தார்கள். பாட்டியும் அப்படியே போன சமயத்தில்தான் தாத்தா உண்மையைச் சொல்லியிருக்கிறார். நல்லது என்று நினைத்துத்தான் மறைத்திருப்பார்கள், ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. நம் வீட்டில் அந்த மாதிரி வேண்டாம் அம்மு. எதுவாக இருந்தாலும்.

அந்த அப்பாவும் சின்னம்மாவும் படங்களை விற்றுப் பிரித்துவிடாமல் 1971இல் மொத்தமாக ஆம்ஸ்டர்டாம் யூத மியூசியத்துக்குக் கொடுத்தது பெரிய மனசு. இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குப் போயிருக்கும். தாளில் வெளிச்சம் பட்டால் வண்ணம் மங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே எடுத்து வைப்பார்கள் என்று நீ சொன்னதை எதிர் வீட்டு மாமியிடம் சொன்னேன். என் பெண்ணும் அந்த மாதிரி வேலைதான் பார்க்கிறாள், யாரும் சீந்தாமல் விட்ட ஓவியர்களின் தாள்களைத் தேடி எடுத்துச் செப்பனிடுகிறாள் என்று பெருமையாகத்தான் சொன்னேன். இப்போது என்ன செய்கிறாள் என்று மாமி கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. ஊர் பேர் தெரியாத ஓவியர் எழுதிய துண்டுச் சீட்டைக்கூடப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறாய், நான் நாலு வரி அனுப்பினால் "ம்" என்று ஒற்றை எழுத்து வருகிறது.

அந்த வேலை தொடராவிட்டாலும் பரவாயில்லை. ஊருக்கு வந்து கொஞ்ச நாள் சும்மா இரு, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி ரொம்ப நேரம் விழித்திருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. இங்கே நடு ராத்திரியாக இருந்தாலும் சரி, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

அம்மா