கஞ்சி ஏன் தண்ணீராக இருந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒன்றுதான் உறுத்தியது. விக்டோரியா காலத்து இங்கிலாந்து ஏழைகளைப் பார்த்த பார்வையை டிக்கன்ஸ் கதை எழுதியே மாற்றிவிட்டார் என்கிற மாதிரி கட்டுரை முடிகிறது. நானும் டிக்கன்ஸ் பித்தன்தான். ஆனாலும் அது பாதிக் கதை.

முப்பது வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் நான். அவருடைய 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலின் சுருக்கத்தை நான்-டீடெயிலாக நடத்திக்கொண்டிருந்தபோது, ஏழைகள் விடுதியில் வளரும் அநாதைச் சிறுவன் ஆலிவர் இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்கிற இடத்தில் ஒரு பையன் எழுந்து, "கஞ்சிதானே சார், இன்னொரு கரண்டி ஊத்தினா என்ன குறைஞ்சுபோகும்?" என்றான். விடுதிக்காரன் கஞ்சன் என்று சொல்லிச் சமாளித்தேன். வகுப்பும் சிரித்தது. ஆனால் அது தப்பான பதில்.

1834-ல் வந்த புதிய ஏழைகள் சட்டத்தின் அடிப்படையே வேறு. உதவி வேண்டுமென்றால் வொர்க்ஹவுஸுக்குள் வா, அதாவது வேலை வாங்கிக்கொண்டு சோறு போடும் ஏழைகள் விடுதிக்குள். உள்ளே உன் பிழைப்பு, வெளியே இருக்கும் கடைநிலைக் கூலிக்காரனின் பிழைப்பைவிட ஒரு படி கீழாகத்தான் இருக்கும். அப்போதுதான் சோம்பேறிகள் அண்ட மாட்டார்களாம். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம். இதை வகுத்த நாசோ சீனியரும் எட்வின் சாட்விக்கும் முரடர்கள் அல்ல, நன்றாகப் படித்தவர்கள். ஏழைக்கு உதவினால் ஏழைகள்தான் பெருகுவார்கள் என்ற பொருளாதார அறிஞர் மால்தஸின் வாதம் அவர்கள் காலத்துக் காற்றிலேயே இருந்தது. அந்த மால்தஸ், 1805 முதல் தாம் இறந்த 1834 வரை, நம் நாட்டுக்கு வரப்போகும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு ஹெய்லிபரி கல்லூரியில் பாடம் எடுத்தவர். தாது வருஷப் பஞ்சத்தில், 1877-ல், நிவாரண வேலை செய்தவர்களின் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசுமாக ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தாரே, அந்தக் கணக்கிலும் இதே வாடைதான். ஏழையைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்ததும் சிந்தனையாளர்கள்தான் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

சரி, டிக்கன்ஸ். பன்னிரண்டு வயதில், அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் கிடக்க, ஷூ பாலிஷ் ஜாடிகளில் லேபிள் ஒட்டியவர் அவர். பட்டவர் எழுதினார், படித்தவர்கள் அழுதார்கள். ஆனால் சட்டம் அசையவில்லை. 'ஆலிவர்' தொடராக வர ஆரம்பித்தது 1837-ல். எட்டு வருடம் கழித்து, ஹாம்ப்ஷயரில் ஆண்டோவர் வொர்க்ஹவுஸில், உரத்துக்காக எலும்பு நொறுக்கும் வேலையில் இருந்த ஆண்கள் பசி தாங்காமல் அந்த அழுகல் எலும்பில் ஒட்டியிருந்ததைக் கடித்துத் தின்றார்கள் என்பது அம்பலமானது. பத்திரிகைகள் விடவில்லை. 1846-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது, மறு வருடம் அந்தச் சட்டத்தை நடத்திவந்த ஏழைகள் சட்ட ஆணையத்தையே கலைத்தார்கள். வொர்க்ஹவுஸை மட்டும் கலைக்கவில்லை.

கட்டுரையில் பெயர்கூட வராத ஒருவரைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. ஹென்றி மேஹ்யூ. 'பஞ்ச்' நகைச்சுவை இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1849-லிருந்து முதலில் 'மார்னிங் க்ரானிக்கிள்' பத்திரிகைக்காகவும், பிறகு தாமே வெளியிட்ட 'லண்டன் லேபர் அண்ட் த லண்டன் புவர்' தொடருக்காகவும் லண்டன் தெருவில் இறங்கி, தோல் பதனிடும் இடங்களுக்கு விற்க நாய்ப்பீ பொறுக்குகிறவர்களிடமும், தேம்ஸ் சேற்றில் நிலக்கரித் துண்டு தேடும் பிள்ளைகளிடமும் உட்கார்ந்து பேசி, அவர்கள் சொன்னதை அவர்கள் வாய்மொழியாகவே அச்சேற்றினார். அந்தத் தொடரில் வாட்டர்கிரெஸ் கீரை விற்கும் ஒரு சிறுமி வருகிறாள். எட்டு வயது. நைந்த சால்வை, கழன்று விழாமலிருக்கத் தரையோடு இழுத்து நடக்க வேண்டிய பெரிய செருப்பு. விடியுமுன் ஃபாரிங்டன் சந்தையில் கீரை எடுத்து, நாலு கட்டு ஒரு பென்னி என்று தெருத்தெருவாக விற்கிறாள். தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று பெருமை வேறு. பாவம் குழந்தையாயிற்றே என்று மேஹ்யூ பொம்மை, விளையாட்டு, பூங்கா என்று பேச்செடுக்கிறார். அவள் திகைத்துப்போகிறாள். பூங்காவா, அது எங்கே இருக்கிறது, என்னைப் போன்றவர்களை உள்ளே விடுவார்களா, சும்மா பார்க்க மட்டும், என்று கேட்கிறாள். இரக்கம் காட்டும் ஓரிரு வரிகளோடு மேஹ்யூ நிறுத்திக்கொள்கிறார், மற்றபடி பெரும்பாலும் அவளையே பேசவிடுகிறார். ஆலிவரைப் படித்து அழுகிறோம். இவளைப் படித்தால் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் வந்தவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். கப்பல் முதலாளி சார்ல்ஸ் பூத், லண்டனில் நூற்றுக்கு முப்பது பேருக்குமேல் வறுமையில் இருப்பதாகக் கணக்குக் காட்டி, தெருத்தெருவாக வண்ணம் தீட்டி வரைபடமே போட்டார். (அவரும் அடிமட்டத்துத் தெருக்களுக்குக் கறுப்பு தீட்டி, பக்கத்தில் 'பாதிக் குற்றவாளிகள்' என்று குறித்தார். பழைய புத்தி எளிதில் போவதில்லை.) யார்க் நகரில் சமூக ஆய்வாளர் ரௌன்ட்ரீ கண்டு 1901-ல் வெளியிட்டது இன்னும் முக்கியம். வயிற்றுக்கே போதாத குடும்பங்களில் பாதிக்குமேல், சம்பாதிப்பவர் ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். கூலிதான் போதவில்லை. குடியும் சோம்பலும்தான் காரணம் என்ற 1834-ன் வாதத்துக்கு இதைவிடச் சரியான அடி கிடையாது.

1908-ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. எழுபது வயதானவருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை, அதுவும் வொர்க்ஹவுஸ் வாசலில் அல்ல, தபால் ஆபீஸில். விக்டோரியா ராணி இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. டிக்கன்ஸ் இறந்து முப்பத்தெட்டு.

ஒரு வேண்டுகோள். அந்தக் கீரைக்காரச் சிறுமியின் பேட்டியை யாரையாவது மொழிபெயர்க்கச் சொல்லி உங்கள் இதழில் போடுங்கள். இரண்டு மூன்று பக்கத்துக்குமேல் வராது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தஞ்சாவூர்.