ஊதா மூடிக் குழாய்

மதுரை

அன்புள்ள செல்வி,

உன் மகளுக்கு இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான்.

எனக்கும் அதே வேலைதான். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் வரும்; சி.எம்.எல். என்ற ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு, அந்த நோயை உண்டாக்கும் பி.சி.ஆர்-ஏ.பி.எல். (BCR-ABL) என்ற ஒட்டு மரபணு எத்தனை சதவீதம் என்று பார்த்து எழுதுவேன். பார்ப்பதும் மரபணுத் துணுக்கைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். (PCR) கருவியில்தான், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, பார்!

கல்லூரியில் குரோமோசோம் படங்களைக் கத்தரித்து ஒட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்க மரபணு ஆய்வாளர் ஜேனட் ரௌலி அதையே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்தார். 1960-ல் பிலடெல்பியாவில் இந்த நோயாளிகளிடம் கண்ட குட்டைக் குரோமோசோம் எப்படி வந்தது என்று 1973-ல் சொன்னார்: 9-ம் 22-ம் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அப்படி ஒட்டிக்கொண்ட மரபணுதான் பி.சி.ஆர்-ஏ.பி.எல். அதனால் உருவாகும் புரதத்தை அடக்கும் மருந்து இமாட்டினிப். 1998-ல் அமெரிக்க மருத்துவர் பிரையன் டிரக்கர் அதை நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். தினம் 300 மி.கி.யும் அதற்கு மேலும் சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்கள் சீராயின. அவர் ஆய்வகத்திலும் இருந்தார், நோயாளிகளையும் பார்த்தார். நானோ பார்கோடைத்தான் பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு பார்கோடின் அளவு 0.05 சதவீதத்திலிருந்து 4-க்கு ஏறியிருந்தது. மரபணு மாறி மருந்து கேட்காமல் போய்விட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அடுத்த சோதனைக்கு ரத்தம் கொடுக்க ஆள் வந்தார், லாரி ஓட்டுபவர். நர்ஸ் அக்கா, "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்றார். "போடுறேன்மா." அக்கா விடவில்லை, பையைத் திறக்கச் சொன்னார். பாதி அட்டைகள் பிரிக்காமலே கிடந்தன.

"வெறும் வயித்துல போட்டா குமட்டுதும்மா, வண்டி ஓட்ட முடியல."

இமாட்டினிப்தான் அது; சாப்பாட்டோடு, பெரிய தம்ளர் தண்ணீரோடு போட வேண்டிய மாத்திரை. அதை யாரும் அவருக்குப் புரியும்படி சொன்னதில்லை. நம் நாட்டுக் கம்பெனிகள் அந்த மாத்திரையை மலிவாகச் செய்ய எத்தனை வழக்கு! 2006-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அந்த மருந்துக்குக் காப்புரிமை கேட்ட சுவிஸ் கம்பெனி நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை மறுத்தது. 2013-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இத்தனையும் தாண்டி வந்த மாத்திரை மஞ்சள் பைக்குள் கிடந்தது, செல்வி.

சோதனைப் படிவத்தில் 'மாத்திரை விட்டுப்போனதா?' என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டிருக்கிறேன். மேலே இன்னும் யோசிக்கிறார்கள். நான் பென்சிலில் எழுதிக்கொள்கிறேன்.

அவருடைய அடுத்த குழாய் 20-ம் தேதி வர வேண்டும். அப்புறம், சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறாயா, இல்லையா?

அன்புடன்,
கலா