விடியக்காலை நாலு மணிக்கு வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நல்ல யோசனை இருந்தால் முதலீடு தானாகத் தேடி வரும் என்கிற தொனியில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். வரும்தான். என் பணமே அப்படி ஒருமுறை தேடிப் போனது, திரும்பி வரவில்லை.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் இரண்டு பையன்கள் லேப்டாப்போடு வந்தார்கள். தோட்டத்து மல்லிகையை நேரே சென்னை வீடுகளுக்கு அனுப்பும் செயலி. "அண்ணே, இதை யாருமே செய்யலை" என்றார்கள். எனக்கும் ஆசையாக இருந்தது. நாலு லட்சம் கொடுத்தேன். அவர்கள் மார்க்கெட்டுக்கு வந்ததெல்லாம் பதினோரு மணிக்கு மேல்தான். அந்நேரம் இங்கே ஈரச் சாக்கும் வாழைநாரும்தான் கிடக்கும். முகூர்த்த நாளில் விலை திடீரென்று எகிறும்போது, முன்பதிவில் பேசிய விலைக்கு யார் பூ கொடுப்பார்கள்? அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. எட்டு மாதத்தில் கடையைக் கட்டினார்கள். ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், பாவம்.

நம் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியபோது கண்புரை ஆபரேஷன் ஒன்றும் புதுசில்லை. கண்ணுக்குள் லென்ஸ் வைப்பதும் 1949-லேயே லண்டனில் செய்து பார்த்ததுதான். ஒரு மேஜையில் ஆபரேஷன் முடியும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். டாக்டர் மைக்ரோஸ்கோப்பைத் திருப்பினால் போதும். 1992-ல் ஆரோலேப் தொடங்கி, அந்த லென்ஸை மதுரையிலேயே செய்து விலையை இறக்கினார்கள். இதையெல்லாம் பத்து ஸ்லைடில் காட்டியிருந்தால் யார் அசந்திருப்பார்கள்?

அதற்காக உழைப்பு மட்டும் போதும் என்றும் இல்லை. என் மச்சினன் 2004-ல் எஸ்டிடி பூத் போட்டார். தினமும் கண்ணாடி துடைப்பார், பைசா பிசகாமல் பில் கொடுப்பார். என்ன செய்ய, ஆளுக்கொரு செல்போன் வந்துகொண்டிருந்த நேரம் அது.

இப்போது ஒரு பெண் வந்திருக்கிறார். ஏறக்குறைய அதே பூ யோசனைதான். ஆனால் நாலு மணிக்கே வந்து நின்று, சாக்கை எதற்கு நனைக்கிறீர்கள் என்று சுமைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மார்கழியில் வரத்து குறையும். அந்த மாதம் முழுக்கத் தினம் பத்து கிலோ வாங்கி, வாடாமல் அனுப்பிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். செக் புத்தகம் இன்னும் கல்லாப் பெட்டியில்தான் இருக்கிறது.

– பூ வியாபாரி ஒருவர், மதுரை